பலகையில் வரைந்த கண்

என் சலவைக்கடையில் ஐந்து இயந்திரங்கள், நான்கு மனிதர்கள். இயந்திரங்களில் ஒன்று எப்போதும் பழுதாகத்தான் இருக்கும். மனிதர்களில் பழுதானவன் யார் என்பதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதுகிறேன். முன்கூட்டியே யூகித்தால் அது சரியாகத்தான் இருக்கும். ஆனாலும் படியுங்கள்.

ஓட்டல்களின் படுக்கை விரிப்பு, தலையணை உறை, துண்டு எல்லாம் எங்களிடம் வரும். துவைத்து, உலர்த்தி, இஸ்திரி போட்டு அனுப்புவோம். வாரத்தில் ஆறு நாள் துணியை வெளுப்பேன். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சபையில் ஏறி ஆத்துமாக்களை வெளுப்பேன். நான் போதகன் இல்லை. பாஸ்டரின் தொண்டைக்கு ஓய்வு தேவைப்படும்போது மேடையில் ஏற்றப்படுகிறவன். "ரெண்டாம் ஞாயிறு பிரதர்" என்று எனக்குப் பேர். சிரிக்கச் சிரிக்கப் பேசுவேன் என்றும் ஒரு பேர் உண்டு. அந்த இரண்டாவது பேர் பிற்பாடு என்னைப் பழிவாங்கியது.

தொல்லை ஒரு கட்டுக் கைத்துண்டில் ஆரம்பித்தது. ஓரத்தில் நீலக்கோடு போட்ட, கன்னத்தில் வைத்தால் தூக்கம் வருகிற மாதிரியான துண்டுகள். பெரிய ஓட்டல் ஒன்றுக்குச் சொந்தம். அவர்கள் வருடாந்தரக் கையிருப்பைப் பார்த்தபோது இரண்டு டஜன் குறைந்திருந்தது. மேலாளர் தொலைபேசியில் கூப்பிட்டார்.

"எங்க விருந்தாளிங்க மூஞ்சிய எதால துடைப்பாங்க சார்? உங்க சட்டையாலயா?"

என் சட்டை அந்த வேலைக்கு லாயக்கில்லை என்று பணிவாகச் சொல்லிவிட்டு, யார் எடுத்திருப்பார்கள் என்று யோசிக்க உட்கார்ந்தேன்.

வண்டிக்காரர் எடுக்கமாட்டார். அவர் வியர்வையைத் துடைப்பதே இல்லை, காற்றில் காய விடுவார். மெஷின்காரர் என்னைவிடப் பத்து வயது மூத்தவர், கடை திறந்த நாளிலிருந்து இருப்பவர். என் குறைகள் அத்தனையும் அவருக்கு மனப்பாடம் என்பதால் அவரைச் சந்தேகிக்க எனக்குத் தைரியம் கிடையாது. மிச்சம் இருந்தது இஸ்திரிக்காரம்மா.

அவள் பிரசவத்துக்குப் போய்விட்டுத் திரும்பி வந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. குழந்தை பிறந்த இருபதாம் நாளே வந்து நின்றாள்.

"என்னம்மா அதுக்குள்ள வந்துட்ட?" என்றேன்.

"கொழந்த தங்கலீங்க."

"கர்த்தருடைய சித்தம்மா. தலையணை உறை மூணு நாளா குவிஞ்சு கிடக்கு."

இந்த இரண்டு வாக்கியங்களையும் நான் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் சொன்னேன். நடுவில் மூச்சு விட்டேனா என்றுகூட ஞாபகமில்லை. இன்றைக்கு எழுதும்போது கை கூசுகிறது.

வந்த நாளிலிருந்து அவளிடம் ஒரு புதுப் பழக்கம். காலை பதினோரு மணிக்கு இஸ்திரிப் பெட்டியை நிறுத்தி வைத்துவிட்டு விரிப்பு அறைக்குள் போவாள். மடித்த விரிப்புகளை அடுக்கி வைக்கிற, ஜன்னல் இல்லாத சின்ன அறை அது. ஏப்ரனுக்குள் எதையோ செருகிக்கொண்டு போவாள், பத்து நிமிஷம் கழித்து எதையோ செருகிக்கொண்டு வருவாள். மூன்று மணிக்கு மறுபடியும் அதே. எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. விளங்கிவிட்டது என்று எனக்குத் தோன்றுகிற நாட்களில் நான் மகா ஆபத்தானவன்.

நேரடியாகக் கேட்டிருக்கலாம். கேட்டால் மனம் புண்படுமே என்று நினைத்தேன். ஆமாம், அப்படித்தான் நினைத்தேன். என் நாகரிகத்தைப் பார்த்து நானே மெச்சிக்கொண்டேன். அந்தச் சமயம் சபையில் கடவுளின் நாமங்களைப் பற்றி வாரம் ஒன்றாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். சேனைகளின் கர்த்தர் முடிந்திருந்தது, சர்வவல்லவர் முடிந்திருந்தார். என் ஞாயிற்றுக்கு ஒதுக்கியிருந்த நாமம், 'என்னைக் காண்கிற தேவன்.' அதைக் கேட்டதும் மூளையில் விளக்கெரிந்தது. கடைத்தெருவில் பலகை எழுதுகிறவரிடம் போனேன்.

"நீர் என்னைக் காண்கிற தேவன். சிவப்பு எழுத்து. மேலே ஒரு கண் வரையணும்" என்றேன்.

"ஆம்பளக் கண்ணா, பொம்பளக் கண்ணா சார்?"

"கடவுள் கண்ணுய்யா."

"அப்ப இமைமுடி போடலாமா, வேணாமா?"

"பார்த்தா ஒரு பயம் வரணும். அவ்வளவுதான்."

அவர் அதுவரை கண் வரைந்ததெல்லாம் கண் மருத்துவமனைகளுக்கு. பயம் வரவில்லை, கொஞ்சம் மாறுகண் வந்திருந்தது. விரிப்பு அறையில் கதவுக்கு எதிரே மாட்டிப் பார்த்தேன். நேரே நின்ற என்னை அது கண்டுகொள்ளவே இல்லை. இடது மூலையில், விரிப்பு மூட்டைகளுக்குப் பின்னால் இருந்த கவிழ்த்த பிளாஸ்டிக் கூடையையே பார்த்துக்கொண்டிருந்தது.

மெஷின்காரர் வாசலில் நின்று தலையைச் சாய்த்துப் பார்த்தார்.

"என்ன முதலாளி, கேமரா வாங்க மனசில்லாம கடவுளை மாட்டிட்டீங்களா?"

"கேமராவுக்குக் கரண்டு செலவு ஆகும்ணே."

"இவருக்கு?"

"இவருக்கு நம்ம பயம் போதும்" என்றேன். சொன்னதோடு சிரித்தேன் வேறு. அவர் சிரிக்கவில்லை. இயந்திரத்தின் மூடியை வழக்கத்தைவிடச் சத்தமாகச் சாத்தினார்.

பதினோரு மணி ஆயிற்று. இஸ்திரிக்காரம்மா உள்ளே போனாள். அன்றைக்கு இருபது நிமிஷம் ஆனது. வெளியே வந்தபோது கண்ணெல்லாம் சிவந்திருந்தது. சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. மனசாட்சி குத்திவிட்டது, இரண்டு நாளில் துண்டுகள் தானாகவே அலமாரிக்கு வந்துவிடும் என்று கணக்குப் போட்டேன். பழுக்கக் காய்ச்சிய இரும்பின் மேல் இன்னொரு அடி போடுவோமே என்று, எல்லார் காதிலும் விழுகிற மாதிரி சொன்னேன்:

"அந்த ரூமுக்குள்ள போறவங்க பலகையை ஒரு தடவ நல்லா வாசிச்சுக்கங்க. யாருக்குப் புரியணுமோ அவங்களுக்குப் புரியும்."

"புரிஞ்சுதுங்க ஐயா" என்றாள் அவள். குரல் உடைந்திருந்தது.

மறுநாள் பார்த்தேன், பலகையில் தூசி இல்லை. யாரோ ஈரத்துணியால் துடைத்திருந்தார்கள். அதற்கு மறுநாளும். குற்றவாளி தன்னைக் காவல் காக்கிறவரையே துடைத்து வைக்கிற மாதிரி ஒரு வழக்கை நான் கேள்விப்பட்டதில்லை. ஆனாலும் யோசிக்கவில்லை. துண்டுகள் வந்தபாடில்லை.

சனிக்கிழமை என் மனைவி மதியச் சாப்பாடு கொண்டுவந்தாள். கூட இருந்து இஸ்திரிக்காரம்மாவோடு விரிப்பு மடித்தாள். விரிப்பை இரண்டு பேர் ஆளுக்கொரு முனையாகப் பிடித்து, நடந்து வந்து முனைகளைச் சேர்க்க வேண்டும். ஒவ்வொரு மடிப்புக்கும் முகத்துக்கு முகம் வந்தாக வேண்டும் என்பதால், அந்த வேலையில் பேச்சு தானாக வரும். என்னோடு யாரும் விரிப்பு மடிப்பதில்லை.

சாயங்காலம் வீட்டில் டிபன் பாத்திரத்தைக் கழுவிக்கொண்டே கேட்டாள்.

"ஏங்க, அந்தப் பலகைய நீங்களா எழுதச் சொன்னீங்க?"

"ஆமா. செலவு ஒண்ணும் பெருசா இல்ல."

"நான் செலவக் கேட்டேனா?" அவள் முழங்கையால் கண்ணைத் துடைத்தாள். "அந்தப் பொண்ணுக்கு இன்னும் பால் நிக்கலயாம்."

"எந்தப் பால்?" என்றேன்.

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன் கேட்ட கேள்வி அது.

"தாய்ப்பாலுங்க. கொழந்த போயிட்டது அவளுக்குத் தெரியும். ஒடம்புக்குத் தெரியுமா? இஸ்திரிச் சூடு பட்டா இன்னும் ஊறுதாம். அதான் ஒரு நாளைக்கு ரெண்டு தடவ அந்த ரூமுக்குப் போய், மூலையில கூடையைக் கவுத்துப் போட்டு உக்காந்து, கழிச்சுப் போட்ட கிழிஞ்ச துணியில பீச்சிட்டு வராளாம். வீட்டுல அழுதா புருஷன் ஒடஞ்சு போயிடறானாம். அதனால அழுகையும் அங்கதான். ஒருத்தர்கிட்டயும் சொல்லல."

நான் பேசவில்லை. பேசாமல் இருந்ததை அவள் வேறு மாதிரி எடுத்துக்கொண்டாள்.

"அன்னிக்கு உள்ள போறா, எதிர்ல உங்க பலகை. 'ஐயா என்கிட்ட ஒரு வார்த்த கேக்கலக்கா. ஆனா தெரிஞ்சுக்கிட்டாரு. நான் சங்கடப்படுவேன்னு, எழுதி மாட்டிட்டாரு. நான் உக்கார்ற மூலையப் பாக்குற மாதிரியே கண்ணும் வரையச் சொல்லியிருக்காரு'ன்னு சொல்லி அழறா. எனக்கு எப்படி இருந்துச்சு தெரியுமா? கல்யாணம் ஆகி இத்தன வருஷத்துல உங்களுக்குள்ள இப்படி ஒரு மனுஷன் இருக்கான்னு எனக்கே தெரியாமப் போச்சே!"

இந்த இடத்தில் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறந்தேன்.

"ஏதோ... நம்மால முடிஞ்சது" என்றேன்.

அன்றைக்குச் சாப்பாட்டில் என் தட்டில் முட்டை இரண்டு விழுந்தது. இரண்டையும் தின்றேன்.

சாப்பிட்ட கையோடு, மறுநாள் பேச வேண்டியதைத் தயார் செய்ய வேதத்தைத் திறந்தேன். நாமம் மட்டும்தான் அதுவரை தெரியும். அதற்கு முன்னால் என்ன நடந்தது என்பதை நான் ஒழுங்காக வாசித்ததே இல்லை. வாசித்தேன். கர்ப்பமாக இருக்கிற ஒரு வேலைக்காரி. எஜமானி அவளைப் படாதபாடு படுத்துகிறாள். எஜமான் பெரிய பக்திமான். உன் வேலைக்காரி, உன் இஷ்டம் என்று கையைக் கழுவிவிடுகிறார். அவள் வனாந்தரத்துக்கு ஓடி, ஒரு நீரூற்றுப் பக்கத்தில் கிடக்கிறாள். அங்கே ஒரு குரல், நீ எங்கே இருந்து வருகிறாய், எங்கே போகிறாய் என்று கேட்கிறது. அவளிடம் அதுவரை யாரும் எதுவும் கேட்டதில்லை, ஏவியிருக்கிறார்கள். அதனால் கேட்டவருக்கு அவள் ஒரு பேர் வைக்கிறாள். வேதத்தில் கடவுளுக்கு முதல்முதலாகப் பேர் வைத்த ஆள் ஒரு தீர்க்கதரிசி இல்லை, ராஜா இல்லை. வீட்டு வேலைக்காரி. என்னைப் பிடித்துவிட்டார் என்று அவள் சொல்லவில்லை. என்னையும் ஒருத்தர் பார்த்தார் என்கிறாள்.

அதைத்தான் நான் சிவப்பு மையில் எழுதி, போலீஸ்காரரைப் போல மாட்டி வைத்திருந்தேன். அந்தக் கதையில் எனக்கு என்ன வேஷம் என்று தேடினேன். நீரூற்றுப் பக்கம் நான் இல்லை. அவள் ஓடிவந்தாளே, அந்த வீட்டுக்குள் இருந்தேன்.

இவ்வளவு தெரிந்த பிறகும் நான் எடுத்த முடிவு, வாயை மூடிக்கொண்டிருப்பது. அவளுக்கு ஆறுதல், மனைவிக்குப் பெருமை, எனக்கு இரண்டு முட்டை. உண்மையைச் சொல்லி யாருக்கு என்ன லாபம்? நடந்ததற்கு ஒரே சாட்சி மெஷின்காரர். அவர் சபைக்கு வருகிறவரும் இல்லை.

மறுநாள் சபைக்குள் நுழைந்ததும் கால் நின்றுவிட்டது. கடைசி வரிசையில் இஸ்திரிக்காரம்மா உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் அவள் கணவன், கழுத்துவரை பொத்தான் போட்ட சட்டையில். முதல் தடவையாக வந்திருக்கிறார்கள். என் பேச்சைக் கேட்க.

பாஸ்டர் என் தோளைத் தட்டினார். "பிரதர், இந்த நாமத்தப் பத்திப் பேச உங்களவிடத் தகுதியான ஆள் கிடையாது. உங்க வீட்டம்மா எங்க வீட்டுல சொன்னாங்க. வெளிய சொல்லாதீங்கன்னாங்க, அதனால மேடையில சொல்லமாட்டேன்."

எனக்கு வியர்த்துக் கொட்டியது. முகம் துடைக்க ஏதாவது கிடைக்குமா என்று மேடைக்குப் பின்னால் இருக்கிற அலமாரியைத் திறந்தேன்.

நீலக்கோடு. ஒரு கட்டு. இரண்டு டஜன்.

இரண்டு மாதத்துக்கு முன் ஒன்பது பேருக்கு ஞானஸ்நானம் நடந்தது. தண்ணீரிலிருந்து ஏறுகிறவர்களுக்குத் துடைக்கத் துண்டு இல்லை என்று பாஸ்டர் தவித்தார். "நம்ம கடை இருக்கறப்ப கவலை எதுக்கு" என்று நெஞ்சை நிமிர்த்தி ஒரு கட்டைத் தூக்கி வந்தவன் நான். நாளைக்கே எடுத்துக்கொண்டுபோய் விடுகிறேன் என்றவனும் நான். அந்த ஞானஸ்நானம் நடந்தபோது இஸ்திரிக்காரம்மா பிரசவத்துக்குப் போய் ஒரு வாரம் ஆகியிருந்தது. அவள் கடைக்குள்ளேயே இல்லாத நாளில் நானே எடுத்த துண்டுக்குத்தான் அவள் மேல் கண்ணை மாட்டியிருக்கிறேன்.

மேடையில் ஏறினேன். கையில் ஒரு துண்டு இருந்தது. கீழே வைக்கத் தோன்றவில்லை. அந்த வேலைக்காரியின் கதையைச் சொல்ல ஆரம்பித்தேன். நீரூற்றுவரை வந்தேன். அதற்கு மேல் கடைசி வரிசையைப் பார்த்துக்கொண்டு பேச முடியவில்லை.

"இந்த நாமத்த நான் கடையில ஒரு பலகையில எழுதி மாட்டினேன்" என்றேன். "ஆறுதலுக்கு இல்ல. துண்டு காணோம். கடையில வேல செய்யறவங்க ஒருத்தர் எடுத்துட்டாங்கன்னு நெனச்சேன். கேமரா வெலை அதிகம். கடவுள மாட்டிட்டேன்."

சபை கொல்லென்று சிரித்தது.

"சிரிக்காதீங்க. அந்தத் துண்டு இதுதான். இங்கதான் இருந்துச்சு. ஞானஸ்நானத்துக்கு எடுத்துட்டு வந்தது நான்தான். திருடன் நான்தான்."

இன்னும் பலமான சிரிப்பு. முன்வரிசையில் ஒருவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டார். பாஸ்டர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். இத்தனை வருஷத்தில் எனக்கு இப்படியொரு வரவேற்பு கிடைத்ததில்லை. நிஜமாகத்தான் சொல்கிறேன், நிஜமாகத்தான் சொல்கிறேன் என்று நான் சொல்லச் சொல்ல, சிரிப்பு ஏறிக்கொண்டே போனது.

மூன்று பேர் சிரிக்கவில்லை. ஒருத்தி என் மனைவி. இன்னும் இரண்டு பேர் கடைசி வரிசையில். இஸ்திரிக்காரம்மா என்னை ஒரு நிமிஷம் பார்த்தாள். பிறகு தன் ஏப்ரன் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு கையையும் வைத்து மூடிக்கொண்டாள். கடைசி ஜெபம் முடிந்து கண் திறந்தபோது அந்த இரண்டு நாற்காலியும் காலியாக இருந்தன.

வீட்டுக்குத் திரும்பும்போது மனைவி எனக்குப் பத்தடி முன்னால் நடந்தாள். நான் வேகமாக நடந்தால் அவளும் வேகமாக நடந்தாள். வாசலில் சாவியைத் திருப்பும்போதுதான் பேசினாள்.

"நேத்து ரெண்டு முட்டையையும் முழுங்கினீங்களே. ஒண்ணு தின்னு முடிச்சப்பவாவது சொல்லியிருக்கக் கூடாதா?"

 

திங்கட்கிழமை அவள் வரமாட்டாள் என்றே நினைத்தேன். ஒன்பதே காலுக்கு வந்தாள். ஏப்ரனைக் கட்டினாள், பெட்டியைச் சூடேற்றினாள், வேலையை ஆரம்பித்தாள். என் பக்கம் திரும்பவில்லை. நான் துண்டுக் கட்டை வண்டிக்காரரிடம் கொடுத்து ஓட்டலுக்கு அனுப்பினேன். யார் எடுத்தது என்று கேட்டால் என் பேரைச் சொல்லச் சொன்னேன்.

பதினோரு மணி ஆயிற்று. அவள் போகவில்லை. பதினொன்றேகால். உறைகளை ஒன்றன்மேல் ஒன்றாகத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். ஏப்ரனின் மேல்பக்கத்தில் இரண்டு ஈரத் திட்டுகள் தெரிய ஆரம்பித்தன. உதட்டைக் கடித்துக்கொண்டு தேய்த்தாள். மெஷின்காரர் இயந்திரத்தைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்.

நான் மேசைக்குப் போனேன். 

"மன்னிச்சிடும்மா."

பெட்டி நிற்கவில்லை. "துண்டு நான் எடுக்கலீங்க."

"தெரியும்மா."

"இப்பத் தெரியும். அப்ப?"

அவள் அடுத்த உறையை விரித்தாள்.

"கொழந்தையப் பத்தி நீங்க கேப்பீங்க, கேப்பீங்கன்னு இருந்தேன்" என்றாள். "பையனா பொண்ணான்னுகூட யாரும் கேக்கல. பலகையப் பாத்ததும், சரி, இதான் ஐயா கேக்கற விதம்னு நெனச்சுக்கிட்டேன்."

"இப்ப கேக்கறேம்மா" என்றேன். குரல் எனக்கே பிச்சைக்காரக் குரலாகக் கேட்டது.

"பொண்ணு."

பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

"பலகைய இப்பவே கழட்டிடறேம்மா. நீ ரூமுக்குப் போ."

"வேணாம். பலகை இருக்கட்டும். அது எனக்கு வேணும்" என்றாள். "கண்ண மட்டும் அழிச்சிடுங்க. அது உங்க கண்ணு."

கறை எடுக்கிற திரவத்தையும் துணியையும் எடுத்துக்கொண்டு ஓடினேன். திராட்சை ரசம், மை, ரத்தம், எது பட்டாலும் எடுக்கிறவன் என்று ஊரில் எனக்குப் பேர். அந்தக் கண் லேசில் போகவில்லை. இமைமுடி போனது, வெள்ளை போனது, கருவிழி மட்டும் கரைந்து கலங்கலாக நின்றது. கையால் அழுத்தி அழுத்தித் தேய்த்தேன். அதற்குள் மெஷின்காரர், நான் சொல்லாமலே, ஒரு தாழ்ப்பாளும் திருப்புளியுமாக வந்து கதவில் திருகிக்கொண்டிருந்தார்.

"உள்பக்கம் போடுங்கண்ணே" என்றேன்.

"பின்ன, வெளிப்பக்கமா போடுவாங்க?" என்றார் அவர், திருகாணியைப் பல்லில் கடித்தபடி.

இஸ்திரிக்காரம்மா உள்ளே போனாள். தாழ்ப்பாள் விழுகிற சத்தம் கேட்டது.

உறைகள் குவிந்து கிடந்தன. நான் போய் அவள் இடத்தில் நின்று பெட்டியைக் கையில் எடுத்தேன். ஈர உறையின் மேல் வைத்ததும் ஆவி கிளம்பி நேராக நெஞ்சில் அடித்தது. இத்தனை வருஷம் இந்தக் கடையை நடத்துகிறேன், இந்த மேசைக்கு இந்தப் பக்கம் நான் நின்றதே இல்லை. சட்டை நனைந்து மார்போடு ஒட்டியது. கொஞ்ச நேரம் அப்படியே நின்றுவிட்டேன்.

"முதலாளி, புகையுது" என்றார் மெஷின்காரர்.

பெட்டியைத் தூக்கினேன். ஓட்டல்காரர்களின் உறையின் நட்டநடுவில் பழுப்பு நிறத்தில் ஒரு பெட்டி அச்சு. அதற்கும் யார் என்று கேட்பார்கள். சொல்லிக்கொள்ளலாம். அதை ஓரமாகத் தள்ளிவிட்டு அடுத்த உறையை விரித்தேன். இஸ்திரி மேசை, விரிப்பு அறையின் கதவைப் பார்த்த மாதிரி போட்டிருந்தது. சுற்றிக்கொண்டு போய், கதவுக்கு முதுகைக் காட்டி நின்று தேய்க்க ஆரம்பித்தேன்.